"உன்ன பத்தி நான் என்னடா சொல்றது?": பார்மா ஃபீல்டுல ஆள் பழக்கம் ஏன் இவ்ளோ பேசுது

எம்.பார்ம், அதான் பார்மசி மேல்படிப்பு, ரிசல்ட் வந்த கொஞ்ச நாள்ல சென்னைலருந்தும் மதுரைலருந்தும் சேலத்துலருந்தும் பசங்க ராத்திரி பஸ் ஏறி, மருந்து கம்பெனிங்க குவிஞ்சிருக்க ஹைதராபாத்துக்கு வேல தேடி, காலைல மியாப்பூர்ல வந்து எறங்குவாங்க. கைல ஒரு ஃபைல், அதுக்குள்ள பத்து காப்பி பயோடேட்டா, தங்குறதுக்கு நிஜாம்பேட்டையிலயோ பாச்சுப்பள்ளியிலயோ சீனியர் ரூம்ல ஒரு பாய் போடுற அளவுக்கு இடம். சாயங்காலம் டீக்கடைல அந்த சீனியர்கிட்ட கேக்குற மொத கேள்வி, "அண்ணா உங்க கம்பெனில ரெஃபரல் போட முடியுமா?" பதினோரு வருஷம் முன்னாடி நானும் இதே கேள்விய கேட்டேன், அவர் டீய ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு "போடலாம், ஆனா உன்ன பத்தி நான் என்னடா சொல்றது?"ன்னாரு. எனக்கு சுருக்குனு இருந்துச்சு, மனுஷன் தட்டிக்கழிக்கிறாருன்னுதான் நெனச்சேன். அது நெஜமான கேள்வின்னு புரிய ரெண்டு மூணு வருஷம் ஆச்சு.

எல்லா துறையிலயும் ஆள் பழக்கம் வேணும், அது தெரிஞ்சதுதான். ஆனா பார்மாவுல அது ஏன் கொஞ்சம் கூடுதலா வேல செய்யுதுன்னா, நம்ம செஞ்ச வேலைய வெளிய எடுத்து காட்டவே முடியாது. சாஃப்ட்வேர் பையன் தான் எழுதுன கோட காட்டுவான், கேமராமேன் ஒரு ஷோரீல் வெச்சிருப்பான், கட்டடம் கட்டுறவர் "அந்த வீட்ட போய் பாருங்க"ம்பாரு. நமக்கு என்ன இருக்கு? லேப் நோட்புக் பக்க நம்பர் போட்டு டாக்குமெண்ட் செல்லுக்குள்ள பூட்டியிருக்கு, பேட்ச் ரெக்கார்ட, அதான் ஒரு தடவ மருந்து செஞ்சதோட முழு பதிவ, வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா வேல போயிடும், பல எடத்துல கேட்லயே ஃபோன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுறாங்க, ப்ராஜெக்ட் பேர வெளிய சொல்லமாட்டேன்னு சேர்ற அன்னிக்கே கையெழுத்து வாங்கிக்கிறாங்க. கடைசில பயோடேட்டால எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறோம்: வெட் கிரானுலேஷன் (பவுடர ஈரமாக்கி குருணையாக்குறது) தெரியும், டைரக்ட் கம்ப்ரஷன் (பவுடர அப்படியே மாத்திரையா அழுத்துறது) தெரியும், ஸ்டெபிலிட்டி (மருந்து எவ்ளோ நாள் கெடாம நிக்குதுங்கற டெஸ்ட்) பாத்திருக்கேன், க்யூபிடி (தரத்த டிசைன்லயே யோசிச்சு வெக்கிறது) தெரியும். மேனேஜர் மேசைல இந்த மாதிரி ஒரு கட்டு கெடக்கு, எது நெஜம் எது சும்மான்னு பேப்பர பாத்து அவரால சொல்ல முடியாது, அதனால ஃபோன எடுத்து நம்மகூட வேல பாத்த யாரையாவது கூப்பிடுறாரு. நம்ம ஷோரீலு அந்த ரெண்டு நிமிஷ ஃபோன் கால்தான்.

அந்த ஃபோன்ல என்ன கேக்குறாங்கன்னு பக்கத்து சீட்ல உக்காந்து நெறைய தடவ கேட்டிருக்கேன். "புத்திசாலியா"ன்னு கேக்குறது கம்மி. "டேட்டா எழுதுறதுல எப்படி, ஃபெயில் ஆனா வந்து சொல்வானா, ஆபரேட்டர்கிட்ட ஒழுங்கா பேசுவானா", இதான் கேள்வி. இதுக்குப் பின்னாடி ஒரு கத இருக்கு. 2013 மே மாசம் ரான்பாக்சி கம்பெனி அமெரிக்காவுல குற்றத்த ஒத்துக்கிட்டு 50 கோடி டாலர் கட்டுச்சு, தரமில்லாத மருந்து, பொய்யான தகவல், இதுதான் விவகாரம், உள்ள வேல பாத்த ஒருத்தரே வெளிய வந்து சொன்னதுல ஆரம்பிச்சது. அந்த சமயத்துலருந்து அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட இன்ஸ்பெக்டருங்க இந்தியாவுக்கு வந்தா குப்பைத்தொட்டிய கிளறுறதும், ஹெச்பிஎல்சி, அதான் மருந்து எவ்ளோ இருக்குன்னு அளக்குற மெஷின், அதோட கம்ப்யூட்டர்ல அழிச்ச ஃபைல தேடுறதும் சகஜமாயிடுச்சு. ஒரு புது பையன் ஒரே சாம்பிள அந்த மெஷினுக்குள்ள ரெண்டு தடவ ஏத்தி நல்லா வந்தத மட்டும் எழுதி வெச்சாலும் அது ஒரு பிளான்ட் பேரையே இழுத்து தெருவுல விடலாம். அந்த பயம்தான் ஃபோன்ல கேள்வியா வருது. நேர்ம பயோடேட்டால தெரியாது பாருங்க, கூட இருந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்.

சரி, ஹைதராபாத்ல ஏன் இவ்ளோ கம்பெனி, ஏன் இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுதுன்னு பாத்தா அதுவே ஆள் பழக்கத்தோட வரலாறுதான். 1961ல மத்திய அரசு ஐடிபிஎல்னு ஒரு மருந்து கம்பெனிய ஆரம்பிச்சது, சோவியத் உதவியோட. ரிஷிகேஷ்ல ஆன்டிபயாட்டிக், ஹைதராபாத்ல சிந்தெடிக் மருந்து, நம்ம சென்னையில ஆபரேஷன் கருவி செய்யுற பிளான்ட். ஹைதராபாத் பிளான்ட்டுல ரியாக்டர் ஓட்டவும் ப்ராசஸ் பெருசு பண்ணவும் ஒரு தலைமுறையே கத்துக்கிச்சு. 1972ல புது பேட்டன்ட் சட்டம் அமலுக்கு வந்து, மருந்துக்கு பேட்டன்ட் கெடையாது, செய்யுற முறைக்கு மட்டும்தான்னு ஆனதும், முறை தெரிஞ்சவனுக்கு ராஜயோகம். ஐடிபிஎல்லருந்து வெளிய வந்தவங்க ஜீடிமெட்லா, பொல்லாரம்னு சின்ன சின்ன யூனிட் போட்டாங்க, கூட வேல பாத்தவன கூப்பிட்டுக்கிட்டாங்க. அஞ்சி ரெட்டியும் ஐடிபிஎல்ல இருந்தவர்தான், 1984ல டாக்டர் ரெட்டீஸ் ஆரம்பிச்சாரு. அவர்கூட கெமினார்ங்கற கம்பெனில வேல பாத்த முரளி திவி 1990ல தனியா போய் ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு திவீஸ் லேப். ஐடிபிஎல் நொடிஞ்சு போச்சு, ஆனா அங்க ஒரே கேன்டீன்ல சாப்ட்டவங்களோட தொடர்பு நொடியல, அது இன்னும் கெள விட்டுக்கிட்டே இருக்கு. இங்க எந்த ஜெனரல் மேனேஜர கிளறுனாலும் ரெண்டு மூணு கம்பெனி தாண்டி இன்னொரு ஜெனரல் மேனேஜர்கிட்ட போய் முட்டும்.

இப்ப பசங்க பண்ற தப்பு என்னன்னா, நெட்வொர்க்னா நெருங்குன ஃப்ரெண்டுங்கன்னு நெனச்சுக்கிறாங்க. கிளாஸ்மேட் வாட்ஸப் குரூப்ல நாள்பூரா வேகன்சி ஃபார்வர்டு ஓடும், ஆனா அந்த குரூப்ல இருக்க எல்லாருக்கும் தெரிஞ்சது ஒரே சேதிதான், எல்லாரும் ஒரே வாக்-இன்ல போய் நிப்பாங்க. 1973ல மார்க் கிரானொவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரர் இதத்தான் எண்ணி காட்டுனாரு. தெரிஞ்சவங்க மூலமா வேல மாறுனவங்கள புடிச்சு, அந்த தெரிஞ்சவர அந்த சமயத்துல எவ்ளோ அடிக்கடி பாத்தீங்கன்னு கேட்டாரு. அடிக்கடி பாக்குறவர் மூலமா கெடச்சதுன்னு சொன்னவங்க 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்குறவர்னு 55.6 சதவீதம், ரொம்ப அபூர்வமா பாக்குறவர்னு 27.8 சதவீதம். அதாவது நம்ம வட்டத்துக்கு வெளிய கால் வெச்சிருக்கவன்தான் நமக்கு தெரியாத சேதிய கொண்டு வர்றான்.

2022ல லிங்க்ட்இன்ல 2 கோடி பேர அஞ்சு வருஷம் வெச்சு பாத்த ஒரு பெரிய ஆராய்ச்சி சயன்ஸ் இதழ்ல வந்துச்சு, அதுவும் கிட்டத்தட்ட இதையே சொல்லுது, ஆனா ஒரு திருத்தத்தோட: ரொம்ப லேசா தெரிஞ்சவனும் அவ்ளோ உதவல, ரொம்ப நெருக்கமானவனும் அவ்ளோ உதவல, நடுவுல ஓரளவு பழக்கமானவந்தான் அதிகம் உதவுறான். இன்னொன்னும் அதுல இருக்கு, கம்ப்யூட்டர்மயமான தொழில்ல இந்த லேசான பழக்கம் நல்லா வேல செய்யுது, அப்படி இல்லாத தொழில்ல கெட்டிப் பழக்கம்தான் உதவுது. நம்ம பிளான்ட் வேலைய பாத்தா ரெண்டாவது பக்கம்தான் சாயும்னு எனக்கு தோணுது. ஏன்னா கோட் எழுதுறவன தூரத்துலருந்தே எடை போடலாம், கிரானுலேஷன் பாத்தவன பக்கத்துல நின்னாதான் எடை போட முடியும். அதனால 5000 கனெக்ஷன் சேக்குறதுல எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல.

அப்ப யார்கூட பழகுறது? இங்கதான் எல்லாரும் மேல பாக்குறாங்க, வைஸ் பிரசிடென்ட்டுக்கு ரிக்வெஸ்ட் அனுப்புறாங்க. எனக்கு ரெண்டாவது வேலைக்கு வழி காட்டுனது ஒரு கம்ப்ரஷன் ஆபரேட்டர் அண்ணன், மாத்திரை அழுத்துற மெஷின் ஓட்டுறவர். மாத்திரைல எழுத்து இருக்குற எடத்துல பவுடர் பஞ்ச்சுல ஒட்டிக்கிட்டு பிச்சுக்கிட்டு வரும், பிக்கிங்னு சொல்வோம். நான் பேப்பர எடுத்து, ஒட்டாம இருக்க சேக்குற மெக்னீசியம் ஸ்டியரேட் எத்தன சதவீதம்னு கணக்கு போட்டுட்டு இருந்தா, அவரு கிரானுல்ஸ ரெண்டு வெரலால நசுக்கி பாத்துட்டு "ஈரம் ஜாஸ்தி தம்பி, இன்னும் காயணும்"னாரு. அர மணி நேரம் கழிச்சு ஈரப்பத டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு, அவர் சொன்னதுதான். அதுலருந்து ஒவ்வொரு ட்ரையலுக்கும் அவர்கிட்ட போய் "அண்ணே எப்படி இருக்கு"ன்னு கேட்டு, அவர் சொன்னத நோட்புக்ல ரிமார்க்ஸ்ல எழுத ஆரம்பிச்சேன். அது அவருக்கு எவ்ளோ பெருசா பட்டுச்சுன்னு அப்ப தெரியல, அதுவரைக்கும் யாரும் அவர் சொன்னத எழுதினதே இல்லையாம். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் பாஷமைலாரம் பக்கம் வேற பிளான்ட்டுக்கு போனாரு, அங்க டெக் ட்ரான்ஸ்ஃபர்ல, அதான் லேப்ல செஞ்சத பிளான்ட்டுக்கு கொண்டு போற டீம்ல, ஆள் எடுக்கப் போறாங்கன்னு விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே எனக்கு ஃபோன் வந்துச்சு.

அதே மாதிரி எக்சிபியன்ட், அதான் மாத்திரைல மருந்தோட சேக்குற மத்த பொருளுங்க, விக்கிற கம்பெனி ரெப். நம்ம ஆளுங்க அவர் குடுக்குற டைரியையும் பேனாவையும் வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. யோசிச்சு பாருங்க, ஊர்ல இருக்க எல்லா ஆர் அண்ட் டி லேப்புக்கும் உள்ள போயிட்டு வர்ற ஒரே ஆள் அவர்தான், எந்த லேப் புதுசா பெல்லட் கோட்டிங் மெஷின் வாங்குது, எங்க டீம் பெருசாகுதுன்னு காத்துல வாசம் புடிக்கிற மாதிரி அவருக்கு தெரியும். அடுத்த கம்பெனி ரகசியத்த அவர்கிட்ட கேக்கக்கூடாது, நம்மளுதையும் சொல்லக்கூடாது, சொல்றவனா இருந்தா நீங்களே அவர நம்பாதீங்க. பாலிமர பத்தி உருப்படியா ஒரு கேள்வி கேட்டா போதும், அவங்க டெக்னிக்கல் டீம்லருந்து ஒருத்தர் ஃபோன் பண்ணி பேசுவாரு, கோவாவுல கலர்கான் மாதிரி கம்பெனிங்க கோட்டிங்குக்குன்னே லேப் வெச்சிருக்காங்க, அந்த லேப் வேலையும் ஒரு கேரியர்தான், காலேஜ்ல யாரும் சொல்றதில்ல.

வெளிய காட்ட முடியாத துறைன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரே ஓட்டை படிக்கிற காலம்தான். எம்.பார்ம் தீசிஸ் உங்க சொந்த சரக்கு, அத யார்கிட்ட வேணா காட்டலாம். ஆனா நெறைய பேர் ரெண்டாவது வருஷத்துல அத ஒரு சடங்கு மாதிரி முடிச்சு யூனிவர்சிட்டில குடுத்துட்டு மறந்துடுறாங்க. டிசல்யூஷனுக்குன்னே, அதான் மாத்திரைலருந்து மருந்து கரைஞ்சு வெளிய வர்றத அளக்குற டெஸ்டுக்குன்னே, எஸ்பிடிஎஸ்னு ஒரு சொசைட்டி இருக்கு, ஸ்டூடண்ட்ஸுக்கு ப்ரசன்டேஷன் போட்டி நடத்துறாங்க, மருந்த மெதுவா, கட்டுப்பாட்டோட வெளிய விடுற ஆராய்ச்சிக்கான கன்ட்ரோல்டு ரிலீஸ் சொசைட்டிக்கு இந்தியா சாப்டர் இருக்கு, வருஷா வருஷம் இல்லன்னாலும் அடிக்கடி நடக்குற இந்தியன் பார்மசூட்டிகல் காங்கிரஸ் இருக்கு, 2019 டிசம்பர்ல சென்னையிலயே நடந்துச்சு, 2024 ஜூலைல ஹைதராபாத்ல. காங்கிரஸ் ஒரு திருவிழா, ஆயிரக்கணக்குல கூட்டம், பை குடுப்பாங்க, சாப்பாட்டு க்யூ நீளம், அங்க வேல கெடைக்கும்னு போகாதீங்க. கிரேட்டர் நொய்டாவுல நடக்குற சிபிஹெச்ஐங்கற மருந்து தொழில் கண்காட்சி முழுக்க வியாபாரம், ஃப்ரெஷருக்கு ரயில் டிக்கெட் காசு தண்டம்னுதான் நான் சொல்வேன். சின்ன மீட்டிங்குதான் நல்லது, நூறு பேர் வர்ற எடத்துல உங்க ஆராய்ச்சிய எழுதி ஒட்டுன போஸ்டர் முன்னாடி ஒருத்தர் பத்து நிமிஷம் நிப்பாரு.

என் போஸ்டர் முன்னாடி அப்படி ஒருத்தர் நின்னாரு. என்டெரிக் கோட்டிங் மாத்திரை, அதாவது வயித்துல கரையாம குடல்ல போய் கரையணும், அதனால 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ரெண்டு மணி நேரம் தாங்கணும், 10 சதவீதத்துக்கு மேல மருந்து வெளிய வரக்கூடாது. நான் போஸ்டர்ல பெருமையா 5.8 சதவீதம்னு போட்டிருந்தேன். நரைச்ச தலை, கழுத்துல பேட்ஜ திருப்பி போட்டிருந்தாரு, பேர் தெரியல. "இது ஆவரேஜா?"ன்னாரு. ஆமான்னேன். "ஆறு வெசலோட வேல்யூ எங்க?" இந்த டெஸ்ட்ல ஆறு மாத்திரைய ஆறு வெசல்ல, அதான் பாத்திரத்துல, தனித்தனியா போடுவோம். எனக்கு காது சூடாயிடுச்சு. ஏன்னா நாலு வெசல் 2, 2, 3, 2, மிச்சம் ரெண்டு 12, 14. மொத ஸ்டேஜ்ல ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியா 10க்குள்ள இருக்கணும்னு யூஎஸ்பில, அதான் அமெரிக்க மருந்து தர நூல்ல, இருக்கு, ஆவரேஜ் போட்டு நான் அத மறச்சிருந்தேன், கைடுதான் அப்படி போட சொன்னாருன்னு சொல்லி தப்பிச்சிருக்கலாம். என்னமோ தோணுச்சு, பைல இருந்த நோட்புக்க எடுத்து அந்தப் பக்கத்த அப்படியே காட்டிட்டேன், "ரெண்டு வெசல் ஃபெயில் சார், ஏன்னு தெரியல"ன்னேன். அவர் நோட்ட ரெண்டு பக்கம் முன்னாடி பின்னாடி புரட்டுனாரு, "கோட்டிங் பேன்ல போடும்போது மாத்திரை ஓரம் உடையுதான்னு பாத்தியா, ஓரத்துல படலம் மெலிசா இருக்கும், ஆசிட் அங்கதான் பூரும்"னாரு. ஊருக்கு போய் லென்ஸ் வெச்சு பாத்தேன், ஓரம் பொடிஞ்சுதான் இருந்துச்சு. மாத்திரை கடினத்தன்மைய ஏத்தி, உள்ள ஒரு சப் கோட் குடுத்து, திரும்ப போட்டு, ஆறு வேல்யூவையும் அந்த மீட்டிங் புக்லெட்ல இருந்த மெயில் ஐடிக்கு அனுப்புனேன். "குட்"னு ஒரே ஒரு வார்த்தைல பதில் வந்துச்சு, அவ்ளோதான், வேல கீல ஒன்னும் கேக்கல நான்.

மூணு வருஷம் கழிச்சு ஒரு இன்டர்வியூ பேனல்ல நடுவுல அவர் உக்காந்திருந்தாரு. பேர் ஞாபகமில்ல அவருக்கு. "நீ ரெண்டு வெசல் பையன்தான?"ன்னாரு.

அன்னிக்குத்தான் டீக்கடை சீனியரோட கேள்வி புரிஞ்சுது. என்ன பத்தி சொல்றதுக்கு ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் இருந்துச்சு. பழக்கம்னா பல்லக்காட்டி ஹலோ சொல்றதுன்னு நெனச்சு கூச்சப்படுற பசங்களுக்கு, அதுவும் இங்கிலீஷ் சரளமா வராதுன்னு ஒதுங்குற நம்ம ஊர் பசங்களுக்கு, இது ஒரு நிம்மதி. "சார் எனி வேகன்சி சார்"னு மெசேஜ் போட்டா அவர் என்ன பண்ணுவாரு, ஓரமா தள்ளிடுவாரு, தினம் அந்த மாதிரி இருவது வருது. அதுக்கு பதிலா "சார், போன மாசம் நீங்க பேசுனதுல ஆசிட் ஸ்டேஜ் ஃபெயில் பத்தி சொன்னீங்க, என் தீசிஸ்ல இதே பிரச்சனை, சப் கோட் 2 சதவீதத்துலருந்து 3க்கு ஏத்துனேன் சரியாச்சு, ஆனா 6.8 பஃபர்ல ரிலீஸ் லேட்டாகுது, எங்க பாக்கணும்?"னு கேட்டா பதில் போடாம இருக்குறது அவருக்குத்தான் கஷ்டம். உடைஞ்ச இங்கிலீஷ்ல எழுதுங்க, பரவால்ல, நம்பர் சரியா இருந்தா போதும்.

வேலைல சேந்ததுக்கு அப்பறம் இப்படி நம்பர் சொல்லி கேக்க முடியாது, அங்க வாய்க்கு பூட்டு. மருந்து பேரு, இம்ப்யூரிட்டி, ஃபார்முலா எதுவும் வெளிய போகக்கூடாது. ஆனா "ஈரத்துக்கு பயந்த மருந்து, டைரக்ட் கம்ப்ரஷன் போனா கன்டென்ட் யூனிஃபார்மிட்டி, அதான் மாத்திரைக்கு மாத்திரை மருந்து ஒரே அளவு, வரல, டிரை கிரானுலேஷனுக்கு மாறுனோம்"னு சொல்றதுல யார் ரகசியமும் போகாது, பாடபுத்தகத்துல இருக்குற விஷயம்தான். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவனான்னு இன்டர்வியூ பண்றவரும் கவனிக்கிறாரு, பழைய கம்பெனி ஃபார்முலாவ கொட்டுறவன் நாளைக்கு நம்மளுதையும் கொட்டுவான்னு அவருக்கு தெரியாதா என்ன.

வேல வகைய பத்தி ரெண்டு வார்த்த. எல்லாருக்கும் ஃபார்முலேஷன் ஆர் அண்ட் டி, அதான் புது மாத்திரை உருவாக்குற லேப், மேலதான் ஆசை, ஜிபாட்ங்கற எம்.பார்ம் நுழைவுத் தேர்வு எழுதி மாசம் 12,400 ஸ்டைபண்டோட படிச்சவனுக்கு க்யூசில, அதான் தரப் பரிசோதனை லேப்ல, நைட் ஷிஃப்ட்னா அவமானம் மாதிரி தோணுது. ஆனா க்யூசில ரெண்டு வருஷம் இருந்தவன் ஆர் அண்ட் டிக்கு வந்தா அவன் போடுற ட்ரையல்ல பாதி வீண் இருக்காது. சின்ன கம்பெனிய கேவலமா பாக்காதீங்க: 2023 கடைசில திருத்துன ஷெட்யூல் எம், அதான் மருந்து தயாரிப்புக்கான அரசு விதி, வந்ததுக்கு அப்பறம் 250 கோடி டர்ன்ஓவருக்கு கீழ இருக்க கம்பெனிங்களும் பெரிய கம்பெனி மாதிரி தர ஏற்பாடு, ரிஸ்க் அசெஸ்மென்ட்னு எல்லாத்தையும் செஞ்சாகணும், திருப்போரூர் பக்கம் ஆலத்தூர் சிட்கோவுலருந்து புதுச்சேரி வரைக்கும் இதுக்கெல்லாம் ஆள் வேணும். அங்க ஒரே ஆள் நாலு டிபார்ட்மென்ட் வேல பாப்பான், சம்பளம் கம்மி, திட்டு ஜாஸ்தி, ஆனா ஒரு மாத்திரை பொறக்குறதுலருந்து லாரி ஏர்ற வரைக்கும் பாத்துடுவான். காசு வாங்கிட்டு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் தர்ற கன்சல்டன்சி பக்கம் மட்டும் தலவெச்சு படுக்காதீங்க, மேல சொன்ன ஃபோன் கால் அதையும் சேத்துதான் விசாரிக்குது.

இன்னொன்னு சொல்லாம விட்டா இந்த கட்டுரை பொய்யாயிடும். ஃபோன் கால்ல நடக்குற தேர்வு நியாயமானது இல்ல. தெலுங்கு பேட்ச், குஜராத்தி பேட்ச், தமிழ் பேட்ச்னு இருக்கு, சொந்த ஊர், சொந்த காலேஜ், சில எடத்துல அதுக்கும் கீழ எறங்கி சொந்த சாதி வரைக்கும் போகுது, நல்ல கைக்காரன் ஒருத்தன் யாரும் சொல்ல ஆள் இல்லாம மூணு வருஷம் ஒரே டெசிக்னேஷன்ல ஒக்காந்திருக்குறத பாத்திருக்கேன். பொண்ணுங்களுக்கு இன்னும் மோசம். ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பாம டாக்குமென்டேஷன்லயும் ரெகுலேட்டரியிலயும் உக்கார வெச்சிடுறாங்க, டீக்கடை பேச்சுக்கு அவங்க வர முடியாது, கல்யாணம் ஆகி ஊர் மாறுனா சேத்த பழக்கம் எல்லாம் ஒரே நாள்ல அறுந்துடுது. என்கூட இருந்த ஒருத்தங்க அந்த ஊர் மாறுற நெலமைல ஒரு காரியம் பண்ணாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி தன்கூட வேல பாத்த எட்டு பேர்கிட்ட போய் "என் வேலைல உங்களுக்கு ஞாபகம் இருக்க ஒரு விஷயத்த சொல்லுங்க"ன்னு கேட்டு எழுதி வெச்சுக்கிட்டாங்க. சிரிச்சோம் அப்ப. நாலு வருஷ பிரேக்குக்கு அப்பறம் இன்டர்வியூல "அனலிட்டிக்கல் டீம்ல இன்னார கேளுங்க, மெத்தட் ட்ரான்ஸ்ஃபர்ல நான் புடிச்ச தப்ப சொல்வாங்க"ன்னு அவங்களால பேரோட சொல்ல முடிஞ்சுது.

போன வாரம் ரூமுக்கு ஒரு பையன் வந்தான், விழுப்புரம் பக்கம், ஃபைலோட. "அண்ணா ரெஃபரல்..."னு இழுத்தான். தீசிஸ் கொண்டு வந்திருக்கியான்னு கேட்டேன், ஃபோன்ல பிடிஎஃப் இருக்குன்னான். டிசல்யூஷன் டேபிள தொறக்க சொன்னேன். ஆவரேஜ் மட்டும்தான் இருந்துச்சு. "ஆறு வேல்யூ எங்கடா?"ன்னேன், முழிச்சான், அப்பறம் நோட்புக் ஊர்ல இருக்கு, அம்மாவ ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்றேன்னான். சரி, வரட்டும்னு டீக்கு ரெண்டு பேரும் கீழ எறங்கிட்டோம்.